மூடின கடையில் கூடினவர்கள்

மதுவிலக்கை எடுத்துவிட்டு மறுபடியும் கடைகளைத் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் பழைய ஆபீஸ் பையன்களுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. ஏதோ மலர் போடுகிறார்களாம். "அந்தக் காலத்தில் நம் பிரச்சாரப் பிரிவு எத்தனை குடும்பங்களில் விளக்கேற்றியது என்று எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்டார்கள். விளக்கேற்றியது உண்மைதான். ஏற்றினவன் நான். அது கார்பைடு விளக்கு. அதன் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

எனக்குச் சொந்த ஊர் காரிமங்கலம். பள்ளி இறுதி வகுப்பு தேறிவிட்டு, சந்தைக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தேன். முப்பத்தேழில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. தர்மபுரி அப்போது அந்த ஜில்லாவில் ஒரு தாலுகா. கடையை மூடினால் போதாது, ஜனங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று சர்க்கார் நினைத்தது. ஊர் ஊராகப் போய் மாஜிக் லாந்தரில் படம் காட்ட ஆள் எடுத்தார்கள். நானும் ஒருவன். சேலத்தில் பயிற்சி. கார்பைடு கல்லின் மேல் தண்ணீரை நிதானமாகச் சொட்டவிட வேண்டும், கண்ணாடிப் படத்தைத் தலைகீழாகச் செருக வேண்டும். இரண்டே பாடம். குடியைப் பற்றியோ குடிக்கிறவனைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தவருக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு மேலதிகாரி கோதண்டபாணி. பிரச்சார அதிகாரி. மனிதர் பார்க்க லட்சணமாக இருப்பார். ஊருக்குள் எந்த வீட்டுக் கட்டிலிலும் உட்கார மாட்டார். மடக்கு நாற்காலி ஒன்று எங்கள் வண்டியிலேயே வரும். யாராவது கும்பிட்டால் உடனே கைக்குட்டையை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொள்வார். கும்பிட்டவன் அவரைத் தொட்டிருக்கவே மாட்டான். பேச்சுக்கு நடுவில், "புரிகிறதா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல், "புரியாது" என்று அவரே சொல்லிவிட்டு மேலே போவார்.

காட்சி நடக்கும் விதம் இதுதான். பொழுது சாய்வதற்கு முன்பே ஊர்ச் சாவடி முன்னால் இரண்டு மூங்கிலை நட்டுக் காடாத்துணியைக் கட்டுவேன். துணியை நனைத்துவிட்டால் படம் பளிச்சென்று விழும். தண்டோரா போட்டு ஜனங்களைக் கூட்டுவார்கள். முதல் படம் காந்தி. எல்லோரும் கும்பிடுவார்கள். அடுத்தது, குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறவன். அந்தப் படத்தை வரைந்தவன் எந்த ஊர்க்காரனோ, குடிகாரனுக்குக் கோட்டும் பூட்ஸும் போட்டிருந்தான். எங்கள் ஜனங்கள் யாரோ வெள்ளைக்காரர் வீட்டுச் சண்டை என்று ரசித்துப் பார்ப்பார்கள். கடைசியாக வருவது கெட்டுப்போன ஈரல். சேலை அகலத்துக்குச் செக்கச்செவேலென்று விழும். "இது என்ன, தெரிகிறதா?" என்று கோதண்டபாணி இடி மாதிரி கேட்பார். அதியமான்கோட்டையில் ஒருத்தர் எழுந்து, "வெள்ளாட்டு ஈரலுங்க. என்னா, கொஞ்சம் வெந்துபோச்சு" என்றார்.

படம் முடிந்ததும் சத்தியம். தட்டில் கற்பூரம் ஏற்றி, ஊரில் குடிகாரன் என்று பெயரெடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, எல்லார் எதிரிலும் தீபத்தின் மேல் அடிக்கச் சொல்வார். பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவன் தலை குனிந்து அடித்துவிட்டுப் போவான். "இன்னும் ஒரு ஆத்மா கரையேறியது" என்பார் கோதண்டபாணி. கரையேறின ஆத்மா நேராக மலையடிவாரத்துக்குப் போகும். அங்கே திருட்டுச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் எங்கள் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்று தினமும் விசாரித்து வைத்திருந்தார்கள். அவமானப்பட்டவனுக்குத் தாகம் அதிகம் என்று அவர்களுக்குத் தெரியும். எங்கள் இலாகாவுக்குத் தெரியாது.

இண்டூருக்குப் பக்கத்தில் ஒரு ஊர். படம் காட்டிவிட்டு வந்த மறுநாள் பார்த்தால் காடாத்துணியைக் காணோம். மூங்கிலோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போனேன். பொழுது இறங்கும் நேரம். ஊருக்கு வெளியே வண்டித்தடத்தின் ஓரத்தில் பழைய கள்ளுக்கடை, ஓலைக் கொட்டகை. சர்க்கார் மூடின கடை. அதற்குள் நாலைந்து ஆட்கள் தலை குனிந்து நுழைவதைப் பார்த்தேன். சரி, திருட்டுத்தனமாக ஈச்சங்கள்ளு ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"உள்ள வாங்க படக்காரரே. கள்ளு இல்லீங்க, மோருதான்" என்றார் ஒருவர். அவர் வேடியப்பன். கிணறு வெட்டுகிறவர். கற்றூண் மாதிரி ஆள்.

"கடையை மூடியாச்சே, இங்கே என்ன வேலை?" என்று கேட்டேன்.

"கடையத்தான் மூடுனீங்க. எங்க காலை மூடலீங்களே. பொழுது சாஞ்சா அது பாட்டுக்கு இங்க வந்துருது. வர்ற காலை எதுக்குத் திருப்பறதுன்னு உள்ள வந்து உக்காந்துக்கறோம்."

அன்றைக்கு உட்கார்ந்தவன், பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் போய் உட்கார்ந்தேன். எல்லோரும் அந்தக் கடையிலேயே குடித்துக் கெட்டவர்கள். மண் தரையில் வட்டமாக உட்காருவார்கள். யாருக்குத் தோன்றுகிறதோ அவர் பேசுவார். மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. சொன்னால், "எந்திரிச்சு வூட்டுக்குப் போ" என்றுவிடுவார் வேடியப்பன். சத்தியம் என்ற பேச்சே கிடையாது. "சத்தியம் பண்ணுனவன் வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குவானுங்க. அவந்தான் மொதல்ல போவான்" என்பார். குடித்துவிட்டவன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால், "சரி, ஒக்காரு" என்பார்கள். அவ்வளவுதான். அந்த ஆசையை அவர்கள் 'இழுப்பு' என்றார்கள். பகலில் இழுப்பு வந்தால், இந்தக் கூட்டத்தில் யார் பக்கத்தில் இருக்கிறானோ அவனிடம் போய் அவன் செய்கிற வேலையைக் கூடச் சேர்ந்து செய்ய வேண்டும். முனுசாமி என்று ஒரு செக்கு ஆட்டுகிறவர், உச்சி வெயிலில் செக்கை விட்டுவிட்டு ஓடிவந்து வேடியப்பனோடு கிணற்று மண் இழுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் நான் என் உத்தியோக புத்தியில், "குடித்தால் ஈரல் கெட்டுவிடும்" என்று ஆரம்பித்தேன். சிரித்தார்கள். "ஏனுங்க, கெட்டவன்கிட்டயே வந்து கெட்டுருமுன்னு சொல்றீங்களே" என்றார் முனுசாமி.

அந்தக் கூட்டத்தில் சின்னப்பையன் என்று ஒருவர். பெயர்தான் சின்னப்பையன். நாற்பது வயது இருக்கும், வண்டி ஓட்டுகிறவர். கோடையில் ஒரு நாள் வெயிலில் வண்டி பூட்டியபடியே மாடுகளை விட்டுவிட்டுக் கடைக்குள் போனவர் சாயங்காலம்தான் வெளியே வந்தார். ஒரு மாடு நுகத்தடியிலேயே செத்துக் கிடந்தது. மற்றது அதை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போகப் பார்த்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. இதை அவர் வட்டத்தில் சொன்ன அன்று நான் இருந்தேன். சொல்லிவிட்டு, "நான் ஒரு தொட்டித் தண்ணி காட்டியிருந்தா போதும்" என்றார். ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை. வேடியப்பன் மோர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினார்.

ஒரு நாள் சின்னப்பையன் வராமல் இருந்துவிட்டு, மறுநாள் வந்தார். முகம் வீங்கியிருந்தது. மோர்ச் சொம்பை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"குடிச்சுப்போட்டேன்" என்றார்.

"சரி, ஒக்காரு" என்றார்கள்.

உடனே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குடித்தால் குற்றம், ஜெயில். நான் சர்க்கார் ஆள்.

வேடியப்பன் கேட்டார்: "படக்காரரே, கேட்டது காதோட நிக்குமா, ஆபீசுக்குப் போயிருமா?"

"சர்க்கார் என் கைக்குத்தான் சம்பளம் தருது. காதுக்குத் தரலை" என்றேன். சின்னப்பையன் அதற்கப்புறம்தான் மோரைக் குடித்தார்.

இதெல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கிராம முன்சீப் எப்படியோ கோதண்டபாணியின் காதில் போட்டுவிட்டார்: திருந்தினவர்கள் தினமும் கூடுகிறார்கள் என்று. அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா, என் உபன்யாசத்தின் பலன்!" என்றார் என்னிடம். "ஆமாம் சார், அந்த ஈரல் படம் மனதில் பதிந்துவிட்டது" என்றேன். நம்பிவிட்டார். கலெக்டர் தர்மபுரிக்கு வரும்போது இவர்களை மேடையில் நிறுத்தப் போவதாகச் சொல்லி, ஒரு சாயங்காலம் நாற்காலியோடு கிளம்பிவிட்டார். துணைக்கு ஒரு கான்ஸ்டேபிள்.

கொட்டகைக்குள் நாற்காலியைப் போட்டு வட்டத்தின் நடுவில் உட்கார்ந்தார். அவர்கள் எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. "ம், பேசுங்கள். எப்போதும் என்ன பேசுவீர்களோ அதைப் பேசுங்கள்" என்றார். முனுசாமி இந்த வருஷம் கேழ்வரகு சுமார் என்றார். வேடியப்பன் வெட்டுகிற கிணற்றில் பாறை மேலேயே வந்துவிட்டது என்றார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார்கள். கோதண்டபாணிக்கு அலுத்துவிட்டது. கற்பூரத்தை எடுத்துத் தட்டில் வைக்கச் சொன்னார்.

"ஒவ்வொருவராக வந்து அடியுங்கள்."

முன்னால் நின்றவர் சின்னப்பையன். அவர் நகரவில்லை.

"சத்தியம் வேணாங்க."

"ஏன் வேண்டாம்?"

"மாரியம்மன் கோயில்ல பண்ணியிருக்கறனுங்க. எங்க ஆத்தா தலையில அடிச்சுப் பண்ணியிருக்கறனுங்க. உங்க படத்துக்கு முன்னாலயும் பண்ணியிருக்கறனுங்க. ஒண்ணும் நிக்கலீங்க. இங்க வந்துதான் கொஞ்சம் நிக்குது."

"அப்படியானால் என் முன்னால் சத்தியம் செய்த பிறகும் குடித்திருக்கிறாய்?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த இடத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத ஆள்.

"போன மாசம் குடிச்சேனுங்க" என்றார்.

கோதண்டபாணி கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். கான்ஸ்டேபிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உண்மை சொன்னவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வண்டியில் வரும்போது, "சார், அவன் விட்டுவிட்டு வருகிறவன். தானாகவே சொல்லியிருக்கிறான்" என்று சொன்னேன். "அதனால்தான் கேஸ் நிற்கும்" என்றார். கேஸ் நின்றது. சின்னப்பையனைச் சப்ஜெயிலில் போட்டார்கள்.

ஜெயிலில் இருந்த காலத்தில் அவருடைய மானாவாரி நிலத்தை வட்டத்து ஆட்கள் உழுது போட்டார்கள். அவர் மனைவி மாதம்மாள் முதலில் இவர்களை அண்டவிடவில்லை. "மறுபடியும் எல்லாரும் ஒண்ணு சேந்துகிட்டு எம் புருசனைக் கெடுக்கவா?" என்று விளக்குமாற்றோடு வந்தாள். அவள் பயம் நியாயமானது. முன்னால் ஒன்று சேர்ந்து கெட்டவர்கள்தானே. வேடியப்பன் வாசலில் நின்றபடியே, "ஆமாம் தாயி, ஒண்ணு சேந்துதான் கெட்டோம். தனித்தனியா நல்லாவ முடியலியே" என்றார்.

விடுதலை ஆகிற காலையில் நான் சப்ஜெயில் பக்கம் போனேன். தெருவின் ஒரு முனையில் வேடியப்பனும் முனுசாமியும் நின்றார்கள். இன்னொரு முனையில் கூட்டத்தில் வேறு இரண்டு பேர். ஏன் இப்படிப் பிரிந்து நிற்கிறீர்கள் என்று கேட்டேன். வெளியே வருகிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் தங்கள் மேல்தான் முட்ட வேண்டும் என்றார் முனுசாமி. சின்னப்பையன் வெளியே வந்து இரண்டு பக்கமும் பார்த்தார். அப்படியே குந்தி உட்கார்ந்து அழுதார். அவர்கள் அழவிட்டார்கள். பிறகு அதியமான்கோட்டை வழியாக நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று பொழுது சாய அவர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இவ்வளவு பாடுபட்டுக் கட்டின மதுவிலக்கை, யுத்தம் நடக்கும்போது சர்க்காரே தூக்கி ஒதுக்கி வைத்தது. வருமானம் வேண்டுமாம். பிரச்சாரப் பிரிவைக் கலைத்தார்கள். லாந்தர் பெட்டி கிடங்குக்குப் போயிற்று. என்னைக் குமாஸ்தாவாக்கிக் கள்ளுக்கடை ஏலத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ப் பார்த்தால் ஏலம் விடுகிறவர் யார்? கோதண்டபாணி. அதே குரல், அதே நாற்காலி. "இந்த இடம் வண்டித்தடத்தின் ஓரம், வியாபாரத்துக்குத் தோதானது, புரிகிறதா?" என்று கேட்டார். ஏலம் கேட்க வந்தவர்களுக்கு நன்றாகவே புரிந்தது.

அந்தக் கொட்டகையும் ஏலம் போயிற்று. எடுத்தவர் கோவிந்தன் என்பவர். ஓலை மாற்றி, புது மொந்தைகள் வாங்கி வைத்துக் கடையைத் திறந்தார். வேடியப்பனும் மற்றவர்களும் என்ன செய்வார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர்கள் வேறு இடம் தேடிப் போகவில்லை. வண்டித்தடத்துக்கு எதிர்ப்பக்கம், கடைக்கு நேர் எதிரே, வெட்டவெளியில் வட்டமாக உட்கார்ந்தார்கள். குடிக்க வருகிறவர்களும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் அவர்களைப் பார்த்தபடிதான் போக வேண்டும். சிலர் நின்றார்கள். ஓரிருவர் தடத்தைத் தாண்டி வந்து உட்காரவும் செய்தார்கள்.

கோவிந்தன் புகார் கொடுத்தார். கோதண்டபாணி என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். "சர்க்கார் வருமானத்துக்கு இடைஞ்சல் செய்கிறீர்கள். கலைந்து போங்கள். இல்லாவிட்டால் கேஸ் போடுவேன்" என்றார்.

சின்னப்பையன்தான் எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்க, அன்னைக்குக் குடிச்சேன்னு புடிச்சுக்கிட்டுப் போனீங்க. இன்னைக்குக் குடிக்கலேன்னு புடிக்கறீங்களா?"

கடைக்குள் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். கோதண்டபாணி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவர் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். யுத்தம் முடிந்து மதுவிலக்கு மறுபடி வந்தபோது, அவரும் பழையபடி பிரச்சாரத்துக்கே வந்தார், பதவி உயர்வோடு. கிடங்கிலிருந்து கண்ணாடிப் படங்களை எடுத்துத் துடைக்கச் சொன்னார். ஈரலில் பூஞ்சைக் காளான் படர்ந்திருந்தது. "பரவாயில்லை, இன்னும் கெட்ட மாதிரித் தெரியும்" என்றார். அவரை இனி விடுங்கள்.

வேடியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடை திறந்து சில வாரம் ஆனதும், ஒரு நாள் அவர் வட்டத்திலிருந்து எழுந்து தடத்தைத் தாண்டிக் கடைக்குள் போய்விட்டார். எல்லோருக்கும் தூணாக இருந்தவர். பிறகு நான் காரணம் கேட்டிருக்கிறேன். வீட்டில் சண்டையா, துக்கமா, உடம்பு வலியா? "ஒரு மண்ணும் இல்லீங்க. காத்து அந்தப் பக்கத்திலிருந்து அடிச்சுது, போனேன்" என்றார். எங்கள் உபன்யாசங்களில் குடிக்கு ஒரு கூடை காரணம் சொல்வோம். இதைச் சொன்னதே இல்லை.

ஏலக் குத்தகைக் கடைகளைப் பார்வையிடும் வேலை அப்போது என்னுடையது. அந்த வாரம் கோவிந்தன் கடைக்குப் போனேன். வேடியப்பன் ஒரு மூலையில் மொந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே சின்னப்பையன். சின்னப்பையன் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை. கள் வாடையில் எனக்கே தலை சுற்றியது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"குடிக்காதவனுக்கு இங்க என்னா வேலை?" என்று கோவிந்தன் அதட்டினார்.

"எங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டுப் போக வந்தேன்."

"அவன் வரலேங்கறானே."

"வர்றப்ப வரட்டும்."

வேடியப்பன் தலை நிமிராமல், "போடா. நீயும் சேந்து கெட்டுப்போவ" என்றார்.

"கெட்டா, நீ என்னைக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் சின்னப்பையன்.

அன்றைக்கு வேடியப்பன் குடித்து முடிக்கும் வரைக்கும் அவர் இருந்தார். தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனார். வேலியோரத்தில் வேடியப்பன் வாந்தியெடுத்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டார். மறுநாளும் வேடியப்பன் போனார். சின்னப்பையனோடு முனுசாமியும் போய் உட்கார்ந்தார். அதற்கடுத்த நாள் வட்டம் முழுவதுமே கடைக்குள் இருந்தது. ஒருவரும் குடிக்கவில்லை, ஒருவரும் பேசவில்லை. நடுவில் ஒரே ஒருத்தர் மொந்தையோடு. மற்ற வாடிக்கைக்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தர் பாதி மொந்தையைக் கீழே வைத்துவிட்டு, "சாவு வூடு மாதிரி இருக்குதுப்பா" என்று எழுந்து போனார். இன்னொருத்தரும் போனார்.

கோவிந்தன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வேடியப்பன் எதிரில் வந்து நின்று கையைக் கூப்பினார். கள்ளுக்கடைக்காரர் ஒருவர், காசு கொடுத்துக் குடிக்க வந்தவனைக் கும்பிட்டதை என் சர்வீஸில் அந்த ஒரு முறைதான் பார்த்தேன்.

"அண்ணா, உனக்குப் புண்ணியமாப் போவும். நீ இனிமே என் கடைக்கு வராத. நீ ஒருத்தன் வந்தா இவங்க அத்தனை பேரும் வந்து குத்துக்கல்லாட்டம் உக்காந்துக்கறாங்க. எவனுக்குமே தொண்டையில எறங்க மாட்டேங்குது."

வேடியப்பன் மொந்தைக்குள் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். அவர் முகம் சிரிப்புக்கும் அழுகைக்கும் நடுவில் கோணிக்கொண்டு போயிற்று.

"சரிப்பா. உம் பொழப்ப எதுக்கு நான் கெடுக்கணும்" என்று சொல்லி எழுந்தார். கால் தள்ளாடியது. ஒருவரும் பிடிக்கவில்லை. அவராகவே வண்டித்தடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய், தரையைத் துண்டால் தட்டிவிட்டு உட்கார்ந்தார்.